வக்கீலாகித் தேர்தலில் நிற்க ஆசைப்படும் மகளுக்காக மனையை விற்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அம்மா பேசினார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வக்கீலாக வேண்டும், பிற்பாடு தேர்தலில் நிற்க வேண்டும் என்கிறாளாம். சென்னையில் இருக்கும் தாய்மாமனோ, "சட்டம்னா பெரிய தனியார் பல்கலைக்கழகம்தான். கம்பெனி வக்கீலாகட்டும், அரசியல் எதுக்கு" என்று நிற்கிறார். ஃபீஸுக்காக மனையை விற்கலாமா என்று கேட்டார்.

விற்காதீர்கள், அம்மா. கடனோடு படித்து வெளியே வருகிற பிள்ளை, பெரிய சம்பளம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போக வேண்டியிருக்கும். ஓட்டுக் கேட்க நினைக்கிறவள் பத்து வருடம் ஊரிலேயே இல்லாவிட்டால் யார் அவளை நம்புவார்கள்? உங்கள் தம்பி சொல்வது வேறொரு பிள்ளைக்குச் சரியாக இருக்கலாம், உங்கள் மகளுக்கு அல்ல.

விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். படிப்பு முடிந்ததும் வக்கீலாகப் பதிவு செய்கிற பார் கவுன்சிலில் பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பலரும் கவனிக்காத ஒரு வழி இலவச சட்ட உதவி. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்ட மாணவர்களும் அதில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். சுனாமியும் தானே புயலும் பார்த்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் மஞ்சள் பையில் கணவரின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பட்டா நகலோடு வருகிறார் என்று வையுங்கள். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் என்ன எழுத வேண்டும், மைத்துனரோடு உள்ள தகராறு மக்கள் நீதிமன்றத்தில் முடியுமா, அங்கே சமரசமானால் மேல்முறையீடு கிடையாது என்பதை எப்படிப் புரிய வைப்பது, இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து பேசிப் பழகுகிறவளுக்குத் தொகுதி தானாகத் தெரிந்துவிடும். வக்கீல் தொழிலுக்கு விளம்பரம் செய்ய விதி இடம் தராது. அவள் செய்த வேலைதான் நாலு பேர் வாயில் போக வேண்டும்.

அப்புறம் தேர்தல். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 21 வயதில் நிற்கலாம், பாதி இடங்கள் பெண்களுக்கு. சட்டமன்றத்துக்கு 25 வயது. பொதுப் பிரிவுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அது போய்விடும். எம்.எல்.ஏ. ஆனாலும் வக்கீல் தொழிலை நடத்தலாம் என்பது 2018 தீர்ப்பு. பக்கத்துப் புதுச்சேரியில் முதல்வர்களாக இருந்த நாராயணசாமியும் ரங்கசாமியும் சட்டம் படித்தவர்கள்தான்.

உங்கள் மகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கையில் தொழில் நிற்காமல், கடன் வாங்கித் தேர்தலில் நிற்கக் கூடாது. ஜூனியராக இருக்கும் முதல் சில வருடங்களில் வருமானம் பஸ் செலவுக்கே இழுபறியாக இருக்கும். மனையை அதுவரை தொடாமல் வைத்திருந்தால் அந்த வருடங்களைத் தாங்கலாம். இந்த வாரமே மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, மாற்றுச் சான்று மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.