குடும்பங்களுக்கு வீடு கிடைக்க உதவும் சமூகப் பணியாளர் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

சாவி வாங்கித் தருவதுதான் வேலை என்று நினைத்துத்தான் நானும் இதற்குள் வந்தேன். எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு சென்னையில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடிசைகளில் இருந்தவர்களை நகரத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாடி அடுக்குகள். கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா, கைரேகை வைத்தாயிற்றா, ஒதுக்கீட்டு ஆணை வந்ததா, சாவி கையில் வந்ததா, சரி, டைரியில் ஒரு டிக், அடுத்த குடும்பம்.

ஆறு மாதம் கழித்து அப்படி டிக் அடித்த ஓர் அக்கா வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது. விசாரித்துப் போய்ப் பார்த்தேன், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நாலு பேர் இருக்கிறார்கள். "வீடு நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா காலைல ஆறு மணிக்கு மந்தைவெளியில பாத்திரம் தேய்க்க நிக்கணும், நான் எத்தனை மணிக்கு பஸ் ஏறுறது?" என்றார். மூன்று வீட்டு வேலையில் இரண்டு போய்விட்டது, மிச்ச சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே. பையன் வருடத்தின் நடுவில் டிசி வாங்க முடியாமல் பழைய பள்ளிக்கூடத்திலேயே இருந்தான். இதில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை, படிவத்தில் அந்தக் கேள்விகளே கிடையாது.

அப்புறம்தான் வேலை பிடிபட்டது. இப்போது வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு வீட்டில் யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். குடியேறிய முதல் மாதத்திலேயே ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் முகவரி மாற்ற கூடவே அலைவேன். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே என்று விட்டுவிடுவார்கள், பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்துகொண்டால் ஒரு வருடத்தில் கட்ட முடியாத தொகையாகிவிடும். பிறகு வட்டிக்கு வாங்குவது, வீட்டை யாருக்காவது லீசுக்கு விட்டுவிட்டு வெளியேறுவது என்று போகும்.

கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாதவர்கள், குடிசையிலேயே வாடகைக்கு இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு வெளியேதான் வீடு தேட வேண்டும். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இதை வீட்டு ஓனரிடம் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும், பட்டபின் தெரிந்துகொண்டேன். அதனால் சட்டத்தை பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் மளிகைக் கடைக்காரரோ ஏற்கெனவே குடியிருப்பவரோ ஒருவரை முன்னால் நிறுத்துவேன். "என்ன ஆளுங்க", "கறி சமைப்பீங்களா", "வீட்டுக்காரர் எங்கே" என்று கேள்விகள் வரும். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு ஒரு வீடு பிடிக்க இருபது வீட்டுப் படி ஏறியிருக்கிறேன். வாடகையை ஜிபே-யில் அனுப்பச் சொல்வேன், கையில்தான் வேண்டும் என்றால் நோட்டில் ஒரு கையெழுத்தாவது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, அது இது என்று அட்வான்ஸில் கழிப்பார்கள், அப்போது அந்த நோட்டு பேசும்.

அந்த அக்கா கதை? பூட்டிக் கிடந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம் என்று பயந்து மாமியாரை அங்கே போய் இருக்க வைத்தோம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்றானதும் குடும்பமே திரும்பி வந்தது. இப்போது ஐந்தாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் நின்றால் முதல் போன் எனக்குத்தான், நான் என்னவோ பையில் ஸ்பானர் வைத்திருப்பதுபோல.