பத்து வயது மகள் சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) மட்டையை எவ்வளவு வீசியும் பந்து படுவதில்லை. வீட்டில் எப்படிப் பழக்குவது?

கையைக் குறை சொல்லாதீர்கள், காலைப் பாருங்கள். பந்து வரும்போது முன்கால் பக்கவாட்டில் விலகினால் அது பயம். ‘சாஃப்ட்’ என்பது பெயரில்தான். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து பட்டால் நன்றாகவே வலிக்கும். சிறுமிகளுக்கு 11 அங்குலப் பந்தும் உண்டு. என் மகளுக்கு நான் பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து உருட்டிக் கட்டி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் கீழ்க்கையாக வீசினேன். அதுவும் காலையில் மட்டும்; மாலைக் கடற்காற்று துணிப் பந்தை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். 2 வாரத்தில் கால் விலகுவது நின்றது.

இன்னொன்று கிரிக்கெட் பழக்கம். நம் பிள்ளைகள் மட்டையைத் தரையில் ஊன்றித்தான் நிற்பார்கள். இங்கே அது பின்தோளருகே இருக்க வேண்டும். முதலில் இடுப்பு திரும்பும், பிறகுதான் கை. பந்து முன்காலுக்குச் சற்று முன்னே மட்டையில் பட வேண்டும். மணல் நிரப்பிய வாளியில் இடுப்பு உயரத்துக்குப் பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க விடுங்கள். ஒரு நாளைக்கு 30 முறை அடித்தால் போதும்.

மட்டையை ஒரு கையால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நுனி உடனே தாழ்ந்தால் கனம் அதிகம், மாற்றிவிடுங்கள். அடிக்கும்போது நீங்கள் பேசாமல் இருங்கள். எனக்கு அதுதான் மிகவும் கடினமாக இருந்தது.