ஏலத்தில் கம்ப்ரசர்: குதிரைத்திறனுக்கு முன்னால் டேங்க்கைப் பாருங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் எந்திரங்கள் இணையவழி ஏலத்துக்கு வந்திருக்கின்றன. பட்டியலில் மூன்று ஏர் கம்ப்ரசர்கள் உள்ளன. முதலாவது 30 எச்.பி. ஸ்குரூ வகை. இரண்டாவது 10 எச்.பி. இரண்டு ஸ்டேஜ் பிஸ்டன் வகை, 500 லிட்டர் டேங்க். மூன்றாவது 5 எச்.பி. இரண்டு ஸ்டேஜ், 220 லிட்டர் டேங்க். ஆனால் டேங்க்கில் விவரத் தகடு இல்லை என்று போட்டிருக்கிறார்கள். பழைய ஸ்கூட்டர்களை வாங்கிச் சீர்செய்து பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. வீட்டோடு ஒட்டிய கராஜில் சிங்கிள் பேஸ் மின்சாரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள் நேரில் பார்க்க விடுவார்களாம். ஆலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டதால் ஓட்டிப் பார்க்க முடியாது. எதை வாங்கலாம், எப்படிச் சோதிப்பது?
— ஒரு வாசகர், இருகூர்

பதில்: ஸ்குரூ கம்ப்ரசரை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். எவ்வளவு மலிவாகப் போனாலும் அது உங்களுக்கானது அல்ல. 30 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் மூன்று பேஸிலும் ஏறக்குறைய 40 ஆம்பியர் இழுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஸ்குரூ வகை நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்தது. எண்ணெய் 75 டிகிரிக்கு மேல் சூடேறி நிலைத்து நின்றால்தான் காற்றோடு வந்த ஈரம் ஆவியாகவே வெளியேறும். கராஜில் ஐந்து நிமிடம் ஓட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் அந்த ஈரம் எண்ணெயிலேயே தங்கி, எண்ணெய் மோர்போல வெளுத்து, பேரிங் துருப்பிடிக்கும். ரோட்டர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். மூடிய ஆலையில் ஓராண்டு சும்மா கிடந்தாலே அவை பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டதைச் சரிசெய்யும் செலவு, மொத்த ஏல விலையையும் தாண்டிப் போகும்.

மிச்சம் இரண்டு பிஸ்டன் எந்திரங்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் காற்றுத் தேவைதான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கூட்டர் பாகங்களுக்குப் போதுமான சின்ன ஸ்பிரே கன் 4 முதல் 8 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கேட்கும். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச் விட்டு விட்டு ஓடுவதால் சராசரியாக 5 போதும். தொடர்ந்து ஓடும் சாண்டர்தான் பெருந்தீனிக்காரன், 10-க்கு மேல் கேட்கும். ஆக, நிஜமாக வெளியே வரும் காற்று 10 சி.எஃப்.எம். இருந்தால் உங்கள் வேலை நடக்கும். துருவை நீக்கக் காற்றோடு மணல் அடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

எந்திரம் எவ்வளவு காற்று தரும் என்பதை எச்.பி.யை வைத்து ஊகிக்காமல் சிலிண்டரை அளந்து கணக்கிடுங்கள். காற்றை இரண்டு படிகளில் அழுத்தும் இரண்டு ஸ்டேஜ் எந்திரத்தில் பெரிய சிலிண்டர்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். சின்னது ஏற்கெனவே அழுத்திய காற்றைத்தான் வாங்குகிறது. பெரிய சிலிண்டர் இரண்டு, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 120 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 720 சுற்று என்று வையுங்கள். ஒரு சிலிண்டர் 1,018 சி.சி., இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 2,036 சி.சி., நிமிடத்துக்கு 1,466 லிட்டர். 28.3-ஆல் வகுத்தால் 52 சி.எஃப்.எம். வால்வு, ரிங் இழப்புகள் போக இதில் 70 சதவீதம்தான் கைக்கு வரும்: 36 அல்லது 37. தகட்டில் 52 என்று பெரிதாக எழுதியிருந்தால் அது பிஸ்டன் நகரும் அளவே தவிர, ஹோஸில் வரும் காற்று அல்ல. போர், ஸ்ட்ரோக் தகட்டில் இல்லாவிட்டால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடையில் கேளுங்கள். கம்ப்ரசர் செய்யும் ஊரிலேயே இருக்கிறீர்கள், அது உங்களுக்குப் பெரிய வசதி.

10 எச்.பி. எந்திரத்தைச் சின்ன மோட்டாரில் மெதுவாக ஓட்டலாமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் முடியும். ஃபிளைவீல் 400 மி.மீ., மோட்டார் புல்லி 200 மி.மீ. இருந்தால் 1,440 சுற்று மோட்டாரில் பம்ப், அதாவது சிலிண்டரும் பிஸ்டனும் உள்ள பகுதி, 720 சுற்று ஓடும். புல்லியை 125 ஆக்கினால் 450 சுற்று. காற்றும் சுமையும் 62 சதவீதமாகக் குறையும். அப்போதும் 6 எச்.பி.க்கு மேல் வேண்டும், அதாவது 7.5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார். அதற்குக் கீழே புல்லியைச் சிறிதாக்க முடியாது. பி வகை பெல்ட் 125 மி.மீ.க்குக் குறைவான புல்லியில் மடங்கி மடங்கி வெடித்துவிடும். மூன்று பேஸ் இணைப்பு வாங்கப் போவதில்லை என்றால் 10 எச்.பி.யையும் விட்டுவிடுங்கள்.

சிங்கிள் பேஸை மூன்று பேஸாக மாற்றித் தரும் டிரைவ் போட்டால் சிங்கிள் பேஸில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். 230 வோல்ட் உள்ளே போகும் சாதாரண டிரைவிலிருந்து 230 வோல்ட் மூன்று பேஸ்தான் வெளியே வரும். நம் ஊர் மோட்டார்களில் 5 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு டெல்டா இணைப்பில் கட்டியவை; அந்த டிரைவில் அவற்றுக்கு இழுக்கத் தெம்பு இருக்காது. 3 எச்.பி. வரையுள்ளவை பெரும்பாலும் ஸ்டார் இணைப்பு என்பதால் அவற்றை டெல்டாவுக்கு மாற்றி ஓட்ட முடியும்.

ஆகவே உங்கள் கராஜுக்குப் பொருத்தமானது பட்டியலில் மூன்றாவதாக உள்ள லாட்டின் 5 எச்.பி. பம்ப். அதை 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரில் மெதுவாக ஓட்டலாம். அதோடு வரும் தகடில்லாத டேங்க்கை மட்டும் பயன்படுத்தவே கூடாது.

இதில் சமாதானமே கிடையாது. 220 லிட்டர் டேங்க்கில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தக் காற்று நிற்கும்போது அதிலுள்ள ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். டேங்க் கிழிந்தால் அது அத்தனையும் ஒரே நொடியில் வெளியேறும், வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில். விவரத் தகடுதான் அந்த டேங்க்கின் ஜாதகம்: செய்தவர், வரிசை எண், ஆண்டு, வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், டேங்க் இரும்பின் தடிமன் எல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் சோதனைக்குக் கொண்டுபோனாலும் எந்த அளவுக்குச் சோதிப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்த டேங்க்கைப் பழைய இரும்பு விலைக்குக் கணக்கிட்டு, சான்றிதழோடு புதிய 220 லிட்டர் டேங்க் வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் ஏலம் கேட்க வேண்டும்.

மூன்று பேஸ் வாங்கத் துணிந்து 10 எச்.பி.யை எடுப்பதானால் அதன் டேங்க்கையும் இதே கண்ணோடு பாருங்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-வது பிரிவு அழுத்தக் கலன்களைப் பற்றியது. ஆலையாக இயங்கிய இடத்தில் டேங்க்கைக் குறித்த காலத்தில் சோதித்த அறிக்கை இருந்திருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயின் காக்கைக் கழற்றி, செல்போனோடு இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விடுங்கள். தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில்தான் துரு தின்னும். மேலே பழுப்புப் பூச்சாக இருந்தால் கவலையில்லை. அடியில் செதில் செதிலாக உரிந்து, குழி விழுந்திருந்தால் விலகிவிடுங்கள். வெளியே கால்களும் பம்ப் உட்காரும் தாங்கியும் பற்றவைத்த ஓரங்களைத் துடைத்துப் பாருங்கள். அதிர்வில் விரிசல் அங்கேதான் தொடங்கும். டேங்க் உடம்பில் எங்காவது ஒட்டு வெல்டிங் தெரிந்தால் அந்த டேங்க் முடிந்த கதை. வாங்கிய பிறகு அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளந்து, தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். சோதனை அழுத்தம் பெரும்பாலும் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு இருக்கும். தண்ணீர் அமுங்காது, அதனால் டேங்க் விட்டுக்கொடுத்தாலும் பீய்ச்சி அடங்கிவிடும். காற்றை ஏற்றிச் சோதிக்கிறேன் என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

பார்வை நாளுக்கு ஸ்பானர் செட், டார்ச், வெள்ளைத் துணி, மோட்டார் காயிலின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர், கேமரா இவற்றை எடுத்துப் போங்கள். கழற்ற அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மின்சாரம் இல்லாதது குறைதான், ஆனாலும் கையாலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். மேல் முனையில் திரும்பும்போது ‘டக்’கென்று தட்டினால் கனெக்டிங் ராடிலோ பிஸ்டன் பின்னிலோ தேய்மானம். அடுத்து ஃபிளைவீல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது. முன்னும் பின்னும் நூலளவு நகர்வது இயல்புதான்.

பிறகு சக்ஷன் ஃபில்டரைக் கழற்றி, அந்த வாயில் உள்ளங்கையை வைத்து ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். பிஸ்டன் இறங்கும்போது கை உள்ளே இழுபட வேண்டும். ஏறும்போது காற்று கையில் திரும்ப அடித்தால் சக்ஷன் வால்வு பிளேட் சரியாக மூடவில்லை. இது சின்னச் செலவுதான், இதற்காக லாட்டை விட வேண்டாம். ஹெட்டிலிருந்து டேங்க்குக்குப் போகும் குழாயையும் திறந்து பாருங்கள். உள்ளே தார் போலக் கரி படிந்திருந்தால் ரிங் வழியாக எண்ணெய் மேலேறியிருக்கிறது. அந்தக் கரி சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது, சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது. எண்ணெயைத் துணியில் தொட்டுப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர், மினுமினுத்தால் உலோகத் தூள். மினுமினுப்பைக் கண்டால் பம்ப்பே வேண்டாம்.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைக் கட்டாயம் திறக்க வேண்டும். மூடிய ஆலைகளில் செம்புக்காகக் கேபிளையும் காயிலையும் வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வெளியே மோட்டார் முழுசாகத்தான் தெரியும். மெகரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உடனே எரிந்த காயில் என்று முடிவு கட்ட வேண்டாம், ஈரமாகவும் இருக்கலாம். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் எரிந்ததுதான்.

விலைக்கு வருவோம். அதே திறனுள்ள புது எந்திரத்தின் விலையை முதலில் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏலத் தொகையோடு ஜி.எஸ்.டி. சேரும், பெரும்பாலும் 18 சதவீதம். ஏலம் நடத்துபவரின் கட்டணம் தனியாக இருக்கலாம். சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், பிரஷர் ஸ்விட்ச், டேங்க் காற்று திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, பெல்ட், வால்வு பிளேட், கேஸ்கெட் இத்தனையும் பழசு நன்றாகத் தெரிந்தாலும் புதிதாகவே போட வேண்டும். உங்கள் விஷயத்தில் டேங்க்கும் 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரும் கூடுதல். கிரேன், ஆள்கூலி, குட்டி யானை வாடகை வேறு. இத்தனையும் கூட்டினால் புது விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில் ஏலத்தை நிறுத்திவிடுங்கள். ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்ற நிபந்தனையில் விற்கிறார்கள் என்பதால் பிறகு எதைக் கண்டாலும் திருப்பித் தர முடியாது. எடுத்துச் செல்லக் கெடு எத்தனை நாள், தவறினால் முன்பணம் போகுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, 5 எச்.பி. பம்ப்பை 3 எச்.பி.யில் ஓட்ட வேகத்தை 60 சதவீதமாக்க வேண்டும். 350 மி.மீ. ஃபிளைவீலுக்கு 160 மி.மீ. மோட்டார் புல்லி இருந்தால் அதை 95 ஆக்குங்கள்; ஏ வகை பெல்ட் அதைத் தாங்கும். பம்ப் 390 சுற்று ஓடும், ஏறக்குறைய 10 சி.எஃப்.எம். வரும். எண்ணெயைத் தெறிக்கவிட்டு உயவிடும் பம்ப்புகளுக்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. மாடல் எண்ணைச் சொல்லி அதை உறுதி செய்த பிறகே புல்லி கடைய லேத்துக்குப் போங்கள். மோட்டார் 15, 16 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மீட்டர் போர்டிலிருந்து தனி 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. வேண்டும்.

எண்ணெய் கம்ப்ரசருக்கானதே இருக்கட்டும், வி.ஜி. 100 என்ற கெட்டித் தரம் நம் வெயிலுக்கு ஏற்றது. வண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள கழுவும் சரக்கு ஈரத்தோடு கலந்து நுரைக்கும், வால்வில் கரி ஏறும். முதல் ஓட்டத்தில் டிரெயின் காக்கைத் திறந்தே வைத்து அரை மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டுங்கள். ஃபிளைவீலின் காற்று சிலிண்டர் பக்கம் வீச வேண்டும். எதிர்ப்பக்கம் வீசினால் சுற்றும் திசை தப்பு.

பிறகு டிரெயின் காக்கை மூடி, பூஜ்யத்திலிருந்து 7 கிலோ ஏற ஆகும் நேரத்தைக் குறியுங்கள். 220 லிட்டரை 7-ஆல் பெருக்கினால் 1,540 லிட்டர். ஐந்தரை நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 280, அதாவது 10 சி.எஃப்.எம். எட்டு நிமிடம் ஆனால் வால்வோ ரிங்கோ விடுகிறது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவிலுள்ள அழுத்தம் 2 முதல் 3 கிலோவுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறி, இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் சேஃப்டி வால்வு சீறினால் சின்ன சிலிண்டரின் வால்வு ஒழுகுகிறது; ஏறவே மறுத்தால் பெரிய சிலிண்டரைப் பாருங்கள். மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்சில் ‘உஸ்’ சத்தம் அடங்கவில்லை என்றால் நான் ரிட்டர்ன் வால்வுதான் காரணம். அப்படியே விட்டால் அடுத்த முறை சுமையோடு தொடங்கி மோட்டார் கருகும்.

ஸ்பிரே கன்னுக்குப் போகும் குழாயைத் துத்தநாகம் பூசிய இரும்பில் (ஜி.ஐ.) போடுங்கள். பி.வி.சி. அழுத்தத்தில் வெடித்தால் கண்ணாடிச் சில்லுபோலச் சிதறும். மழைக்காலத்தில் 10 சி.எஃப்.எம். எந்திரம் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் டேங்க்கில் சேரும். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் டிரெயின் காக்கைத் திறந்து அதை வடித்துவிடுங்கள்.