ஆலோசகர் தந்த பட்டியல்

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. கணிதம் என்றால் உயிர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், அமெரிக்காவின் எம்.ஐ.டி. இரண்டுக்கும் விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் பார்த்த ஆலோசகர், கணக்கு மட்டும் போதாது என்கிறார். ஒரு தொண்டு அமைப்பு தொடங்க வேண்டுமாம், வயலினில் சான்றிதழ் வேண்டுமாம், பணம் கட்டினால் ஆய்விதழில் கட்டுரை வரவைப்பாராம். விண்ணப்பக் கட்டுரையையும் அவரே எழுதித் தருவாராம். இவளோ பாதி ராத்திரி வரை கணக்குப் போடுகிறாள், இல்லாவிட்டால் காகிதம் மடித்து உருவங்கள் செய்கிறாள். காலம் வீணாகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

அந்த இரண்டு இடங்களும் ஒரே மாதிரி ஆளை எடுப்பதில்லை. ஒரே பட்டியலை இரண்டுக்கும் நீட்டுகிறார் என்றாலே எனக்குச் சந்தேகம் வருகிறது.

கேம்பிரிட்ஜில் தேர்ந்தெடுப்பவர்கள் பாடம் நடத்தும் ஆசிரியர்களே. இந்தப் பெண்ணுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாளா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நேர்காணலில் கணக்கு கொடுப்பார்கள். சிக்கிக்கொண்டால் என்ன செய்கிறாள், ஒரு குறிப்பு தந்தால் அதை வைத்து நகர்கிறாளா என்று கவனிப்பார்கள். இடம் தருவதாகச் சொன்ன பிறகும், கணிதத்துக்கு ‘ஸ்டெப்’ என்ற தேர்வில் அவர்கள் கேட்கும் தரம் வந்தால்தான் இடம் உறுதி. அதில் ஒரே கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாதி ராத்திரி வரை கணக்குப் போடுகிறாள் என்றீர்களே, அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை. வயலின் அங்கே எடுபடாது.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக அனுப்பும் கட்டுரைக்கு மொத்தம் 4,000 எழுத்துகள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் பாடத்தைச் சுற்றித்தான். கேம்பிரிட்ஜுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. பிரிட்டனில் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு என்பதால் இந்தத் தேதியைக் கோட்டைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்துப் போட முடியாது.

எம்.ஐ.டி. வேறு கதை. எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வுகளில் ஒன்றின் மதிப்பெண் கட்டாயம், அதோடு ஆளையும் பார்ப்பார்கள். ஆனால் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அவர்களுடைய படிவமே காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ‘காமன் ஆப்’ படிவத்தில் பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள். எம்.ஐ.டி. அதை ஏற்பதில்லை; தன் சொந்தப் படிவத்தில் நான்கே நான்கு கேட்கிறது. வெறும் சந்தோஷத்துக்காக என்ன செய்கிறாய் என்று ஒரு கேள்வியும் அதில் வந்திருக்கிறது. அதற்கு உங்கள் மகளிடம் பதில் இருக்கிறது: காகிதம். (அங்கே எரிக் டிமெய்ன் என்ற பேராசிரியர் காகித மடிப்பின் கணிதத்தையே ஆராய்ச்சியாகச் செய்கிறார். அவர் பெயரைக் கட்டுரையில் திணிக்கச் சொல்லவில்லை. மகளுக்குக் காட்டுங்கள், சந்தோஷப்படுவாள்.)

தொண்டு அமைப்பு? உண்மையிலேயே அவளுக்கு அக்கறை இருந்தால் செய்யட்டும். விண்ணப்பத்துக்காகத் தொடங்கி, இடம் கிடைத்ததும் மூடப்படும் அமைப்புகளை, அங்கே விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் ஆய்வுக் கட்டுரை இன்னும் ஆபத்து. நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை விழிக்கும்.

ஆலோசகர் கட்டுரை எழுதித் தருவது வேண்டவே வேண்டாம். இது என் சொந்த எழுத்து என்று அவள்தான் உறுதி தர வேண்டும். யூகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் மென்பொருளில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பத்துப் பேருக்கு எழுதித் தருகிறவரின் நடை எங்காவது இடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, பணம். எம்.ஐ.டி. வெளிநாட்டு மாணவர்களுக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் தருகிறது. இடம் தந்தால் குடும்பத்தால் முடியாத தொகையை உதவியாகவும் தருகிறது. இப்படிச் செய்யும் இடங்கள் மிகச் சில. மற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், உதவி கேட்பதே தேர்வைப் பாதிக்கும். கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் அதிகம், இளநிலைக்கு உதவித்தொகை குறைவு. எந்தப் படிவத்தையும் திறப்பதற்கு முன் மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கான மொத்தச் செலவைக் குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.