பதில்: ‘100ஏ1’ எண்ணெய்க் கப்பலின் ஆய்வறிக்கை

வணக்கம். 1950களில் பிரிட்டனில் கட்டிய எண்ணெய்க் கப்பல், கப்பல்களை ஆய்ந்து தரம் பிரிக்கும் லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் பதிவேட்டில் சிலுவைக் குறியுடன் ‘100ஏ1’ என்றிருக்கிறது, அதை வைத்துத் தேடினால் கப்பலைச் சோதித்து எழுதிய ஆய்வறிக்கை அகப்படவில்லை என்கிறீர்கள். அகப்படாது. அது தரக்குறி, ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கு அதே குறிதான்.

மால்டா சிலுவை இருந்தால், லாய்ட்ஸ் ஆய்வாளர்கள் மேற்பார்வையில் கட்டிய கப்பல். 100 என்பது கடலோட்டத்துக்குத் தகுதி, ‘ஏ’ விதிப்படியான கட்டுமானமும் பராமரிப்பும், 1 என்பது நங்கூரமும் சங்கிலியும் சரியாக இருப்பது.

நீங்கள் பிடிக்க வேண்டியது கப்பல் கட்டுந்தளத்தின் பெயரையும் அங்கே கொடுத்த கட்டுமான எண்ணையும். விற்கப்படும்போதெல்லாம் கப்பலின் பெயர் மாறும். இந்த எண் மாறவே மாறாது. லண்டன் ஃபென்சர்ச் தெருவிலுள்ள லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் பாரம்பரிய மையம் பழைய வரைபடங்களையும் அறிக்கைகளையும் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. முதலில் அங்கே தேடுங்கள்.

அறிக்கை கிடைத்தால் பற்றவைப்பு, விரிசல் பற்றிய வரிகளை ஊன்றிப் படியுங்கள். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், பற்றவைத்துக் கட்டிய ‘ஸ்கெனக்டடி’ என்ற புத்தம் புதிய டி2 வகை எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில், துறையில் நின்றபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அந்தக் காலத்துப் பற்றவைப்புக் கப்பல்களின் உண்மையான வரலாறு இந்த வரிகளில்தான் இருக்கிறது. கட்டுந்தளத்தின் பெயர் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.