பார்கோடு 890, பின்பக்கம் ஈரான்: எதை நம்புவது?

உங்கள் பேரீச்சம்பழப் பாக்கெட்டின் பார்கோடு 890 என்று தொடங்க, பின்பக்கம் ஈரான் என்று போட்டிருந்தால், ஈரான் என்பதையே நம்புங்கள். பார்கோடு 890 என்று தொடங்குவதற்கும் பழம் விளைந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த எண்ணை, பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடம் ஒரு நிறுவனம் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ‘890 என்றால் இந்தியப் பொருள்’ என்ற வாட்ஸ்அப் செய்தியை விட்டுத்தள்ளுங்கள்.

மொத்தமாக இறக்குமதி செய்து இங்கே பாக்கெட் போட்டிருப்பார்கள். ‘பேக்டு பை’ என்ற வரி பாக்கெட் போட்டவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். ‘கன்ட்ரி ஆஃப் ஒரிஜின்’ வரியைத் தேடிப் பாருங்கள். இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. வேறொரு நாட்டில் பதப்படுத்தி, பொருளின் தன்மையே மாறிவிட்டால், விதிப்படி அந்த நாட்டின் பெயர்தான் லேபிளில் வரும். பெல்ஜியம் என்று போட்ட சாக்லேட்டின் கோகோ பெல்ஜியத்தில் காய்த்ததில்லை! பேரீச்சம்பழத்தை அப்படியே பாக்கெட் போடுவதால் இங்கே அந்தக் குழப்பம் இல்லை.