நாலு பற்றரி – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். நான் கம்பஸில கொம்பியூட்டர் படிக்கிறன். புதுசா ஒரு கேம் கன்சோல் செய்யிறதெண்டா பவருக்கும் விலைக்கும் நடுவில எங்க கோடு போடுறது எண்டு ஒரு அசைன்மென்ட். 4கே அளவு துல்லியமான படம், செக்கனுக்கு 120 ஃப்ரேம் இல்லாத மெஷினை இனி ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம், அதால பவர்தான் முதல், விலை ரெண்டாம்பட்சம் எண்டு எழுதப்போறன். வெளிச்சத்தையும் நிழலையும் நிசம்போலக் காட்டுற ரே ட்ரேசிங் கட்டாயமா? பவரைப் பாக்கிற சோனியின்ர வழி சரியா, விலையைப் பாக்கிற நின்டெண்டோவின்ர வழி சரியா?
— ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

தம்பி,

உம்மட கடிதம் வந்த அண்டைக்குத்தான் அலுமாரி துப்பரவாக்கேக்க என்ர பழைய கேம் போய், நின்டெண்டோவின்ர கையில வச்சு விளையாடுற மெஷின், கையில அம்பிட்டுது, அதையே யோசிச்சுக்கொண்டு இருந்தன். ரே ட்ரேசிங்கை விடும். சோனியா நின்டெண்டோவா சண்டைக்கும் நான் வரேல்ல. ஆனா "விலை ரெண்டாம்பட்சம்" எண்டு எழுதினீர் பாரும், அதுக்கு எனக்குச் சரியான கோவம். உப்புவெளியில இருந்துகொண்டு எப்பிடி அப்பிடி எழுத மனம் வந்துது? 2022 இல 200 ரூவா சொச்சமா இருந்த டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனதும், நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினதும் மறந்துபோச்சோ? உம்மட அம்மாவிட்டக் கேளும், அவ மறந்திருக்க மாட்டா.

பவர் தனியா வராது தம்பி. சிப்பின்ர வேகத்தைக் கூட்டினா கரண்ட் கூட இழுக்கும், கரண்ட் கூடினா சூடு கூடும், சூட்டை இறக்கப் பெரிய ஃபேன், பெரிய பவர் சப்ளை, அதெல்லாம் வைக்கப் பெரிய பெட்டி, பெட்டி பெருத்தா கப்பல் கூலி. 2006 இல சோனியின்ர பிளேஸ்டேஷன் 3, செல் எண்ட வேகமான சிப்பும் புளூ ரே டிஸ்க் போடுற வசதியுமா 499 டொலர், 599 டொலர் எண்டு வந்துது, அந்த விலைக்கு வித்தும் ஒவ்வொரு பெட்டியிலயும் சோனிக்கு நட்டம். அதே மாசம் 250 டொலருக்கு வந்த நின்டெண்டோவின்ர வீ, பவரில பக்கத்திலயும் நிக்கேலாது, ஆனா கடைசியில 10 கோடிக்கு மேல வித்துது. அதுக்காக மலிவாச் செய்தாச் சரி எண்டு எழுதிப்போடாதையும், அடுத்து வந்த வீ யூ 1.35 கோடியோட படுத்திட்டுது. முந்தியெண்டா ஒரு கன்சோல் வயசு போகப்போக விலை இறங்கும். இப்ப அதுவும் இல்லை, 2020 இல 499க்கு வந்த பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில 2025 இல 549 ஆச்சு.

கேம் போய்க்கு வாறன். அதைச் செய்த குழுவுக்குத் தலைவர் குன்பேய் யோகோய். எல்லாரும் பழகி மலிஞ்சுபோன பாகத்தை எடுத்துப் புதுசா ஒண்டுக்குப் பாவி எண்டுறதுதான் அந்த மனுசன்ர கொள்கை. 1989 இல கலர் திரை செய்யேலாம இல்லை, வேணுமெண்டுதான் விட்டவை. 90 டொலர், நாலு பற்றரி. அதுக்குப் போட்டியா வந்த சேகா கொம்பனியின்ர கேம் கியர் 150 டொலர், கலர், வெளிச்சம், ஆறு பற்றரி.

எங்கட சித்தப்பா டோஹாவில இருந்து எனக்கு கேம் போய் கொண்டுவந்தார். மச்சானுக்கு அவன்ர மாமா கேம் கியர். பின்னேரம் டச்பே கடற்கரையில மச்சான் அதைப் போட்டானெண்டா பெடியள் எல்லாம் அவனைச் சுத்தித்தான், என்ர மங்கின பச்சைத் திரையை ஒருத்தனும் பாக்கமாட்டான், நானும் அழுதிருக்கிறன். ஆனா அந்த ஆறு பற்றரியும் மூண்டு நாலு மணித்தியாலத்தில சரி. திருஞானசம்பந்தர் வீதிக் கடையில ஆறு பற்றரி வாங்க அவங்கட வீட்டில எத்தினை தரம் காசு குடுப்பினம்? ரெண்டு மாசத்தில அது அலுமாரிக்குள்ள போட்டுது.

என்ர நாலு பற்றரியும் நாள்கணக்கா ஓடும். ராத்திரி பிபிசி தமிழோசை நேரத்துக்கு அப்பா வந்து, ஒண்டும் கதையாம மூடியைத் திறந்து ரெண்டைக் கழட்டித் தன்ர சின்ன ரேடியோவில போடுவார், செய்தி முடிய அவரே திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடுவார். திரைக்குப் பக்கத்தில இருக்கிற சிவப்பு லைட் மங்கத் தொடங்கினா நாலையும் கிணத்துக்கட்டில வெயிலுக்கு அடுக்கிவைப்பன், காகம் தட்டாம தங்கச்சி காவல். சூடு ஏறினாப் பிறகு இன்னும் ஒரு அரை மணித்தியாலம் ஓடும், அந்த அரை மணித்தியாலம் அவளுக்கு. அப்பா போய் ஆறு வருஷமாச்சு. போன கிழமை அந்த மூடியைத் தேடினன், இல்லை, எப்ப துலைஞ்சுதெண்டும் தெரியாது.

அந்த யோகோய்க்கு எங்கட கிணத்துக்கட்டைத் தெரியாதுதான். ஆனா பற்றரிக்குக் காசு குடுக்கிறது ஆர் எண்டு அந்த மனுசன் யோசிச்சிருக்கு. நீர் யோசிக்கேல்ல. அதுதான் ஏசினனான், மனசில வைக்காதையும்.

அசைன்மென்ட் குடுக்க முதல் ஒருக்கா உவர்மலைக்கு வாரும். மூடிக்குப் பதிலா ரப்பர் பான்ட் போட்டு வச்சிருக்கிறன். வரேக்க நாலு பற்றரி வாங்கிக்கொண்டு வாரும், சின்னன்.